பேரைச் சொல்லிக் கூப்பிட்டவன்

அந்த நீளப் பையில இருக்கிறது ஹாக்கி ஸ்டிக்தானே சார்? நெனச்சேன். மேல துணி இருந்தாலும் உள்ள வளைஞ்ச மூக்கு தெரியுது பாருங்க. தொடலை, தொடலை, சும்மா பார்த்தேன். ஆடறீங்களா? ஓ, சொல்லித் தர்றவரா. ரொம்ப நல்லது. உட்காருங்க. பெங்களூர் வண்டி இன்னும் காட்பாடியே வரலையாம், இப்பதான் சொல்லிட்டுப் போனாங்க. ஜோலார்பேட்டையில வண்டிக்குக் காத்திருக்கிறது ஒண்ணும் புதுசில்ல. நானா? எனக்கு எந்த வண்டியும் இல்ல. ரிட்டயர் ஆனவன். மத்தியானம் வந்து இந்த பெஞ்சுல உட்காருவேன். போறவங்க வர்றவங்களைப் பார்ப்பேன். யாராச்சும் பேசினா பேசுவேன்.

நானும் ஆடினவன்தான் சார். சென்டர் ஃபார்வர்ட். சிரிக்காதீங்க, இப்ப இந்த முட்டியைப் பார்த்தா நம்ப மாட்டீங்க. பட்டாளத்து டீமெல்லாம் என்னைப் பார்த்து பயந்திருக்கு. என்னைக் கெடுத்தது எங்கண்ணன். கூடப் பிறந்த அண்ணன். ஒரே ஒரு தரம் வாயைத் திறந்தான், அதோட முடிஞ்சுது. ஊர்ல யாரைக் கேட்டாலும் வெள்ளைக்காரன் கெடுத்தான், சட்டைக்காரன் கெடுத்தான்னு சொல்லுவாங்க. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எனக்கு நடந்தது எனக்குத்தானே தெரியும்?

கோலார் தங்கவயல் தெரியுமா சார் உங்களுக்கு? பங்காருபேட்டையில இறங்கி மாரிக்குப்பம் வண்டி பிடிக்கணும். அங்க ஒரு சுரங்கம். எந்தச் சுரங்கம்னு வேணாம், ஆளுங்க இன்னும் இருக்காங்க. வேலை செய்யறவன் பூரா நம்ம ஆளு. ஆம்பூர், குடியாத்தம் பக்கத்திலேர்ந்து போனவங்க. தட்டி வீடு, வரிசை வரிசையா. லைனுன்னு சொல்லுவோம். மேட்டு மேல துரைங்க பங்களா. நடுவுல சட்டைக்காரங்க. ஆங்கிலோ இந்தியனுங்கன்னு இப்ப மரியாதையா சொல்றாங்க. துரைங்களுக்கும் சட்டைக்காரங்களுக்கும் கிளப்பு ஒண்ணு இருந்துச்சு. அதுக்குள்ள நம்ம ஆள் போகணும்னா கையில தட்டு இருக்கணும், இல்ல தொடப்பம் இருக்கணும்.

ஹாக்கின்னா அங்க உசுரு சார். கிளப்புக்குப் புல்லு மைதானம். எங்களுக்கு சயனைட் மேடு. பொன்னு எடுத்துட்டு மிச்சம் கொட்டுவாங்களே மண்ணு, அது மலை மாதிரி ஏறிக் கெட்டியாயிடும். அதுக்கு மேல ஆடுவோம். புளியங்கொம்பு வெட்டி நெருப்புல வாட்டி வளைச்சுக்குவோம். அந்த மேட்டு மேல பந்து ஒரு எடத்துல நிக்காது, உருண்டுக்கிட்டே இருக்கும். அதுல ஆடிப் பழகினவனுக்குப் புல்லு மைதானம் மெத்தை மாதிரி. எனக்குச் சொல்லிக் குடுத்தது எங்கண்ணன்தான், அதை நான் மறைக்கலை. ஏகாம்பரம்னு பேரு. எட்டு வயசு மூத்தவன். அப்பா சுரங்கத்துல பாறை விழுந்து போயிட்டாரு, நான் கைக்குழந்தை. அண்ணன் சின்ன வயசுலயே கீழ எறங்கிட்டான். சாயங்காலம் சுரங்கக் கூண்டுல ஏறி மேல வந்து, மூஞ்சி கூட கழுவாம என்னை இஸ்துக்கிட்டு மேட்டுக்குப் போவான்.

அம்மா ஒரு பங்களாவுல ஆயா வேலை. என் கண்ணைப் பார்த்தீங்களா? பூனைக்கண்ணு. இப்ப புரை விழுந்துடுச்சு. சின்ன வயசுல இன்னும் பளிச்சுனு இருக்கும். நிறமும் அப்படித்தான், எங்க வீட்டுல யாருக்கும் இல்லாத நிறம். லைன்ல நாலு பேர் நாலு விதமா பேசினாங்க. எங்கண்ணன் அப்படிப் பேசின ஒருத்தன் பல்லைப் பேத்து அபராதம் கட்டினான். ‘எங்கம்மா பெத்த பிள்ளைடா அது’ன்னு சொல்லிச் சொல்லி அடிச்சானாம். அவனுக்குக் கோவம் ஜாஸ்தி. எனக்கு அதுல வருத்தம் ஒண்ணும் இல்ல சார். கண்ணு நல்லாத்தானே இருந்துச்சு?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு, முப்பத்தேழு இருக்கும். கிளப்பு டீமுக்கு ஆடிப் பழக ஆள் வேணும்னா எங்களைக் கூப்பிடுவாங்க. வெறுங்காலோட ஆடுவோம். ஆடி முடிச்சா அவங்க உள்ள போய் சோடா குடிப்பாங்க. எங்களுக்குப் பின்பக்கம் தோட்டக்காரன் கையில தண்ணி ஊத்துவான். அப்படி ஒரு நாள் நான் ஆடினதை அவங்க கேப்டன் பார்த்தாரு. கோல்மன் துரை. சட்டைக்காரர்தான், ஆனா நாங்க துரைன்னுதான் சொல்லுவோம். பழகறதுக்குத் தங்கமான மனுஷன். நான் தண்ணிக்குக் கை ஏந்தி நிக்கிறேன். பக்கத்துல வந்தாரு. தாடையைப் பிடிச்சு முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாரு. ‘உனக்கு இங்கிலீஷ் வருமாடா?’ன்னாரு. ‘கொஞ்சம் வரும் துரை’ன்னேன். ‘வாயை மூடிக்கிட்டு இருக்க வருமா?’ன்னாரு. ‘அது நல்லா வரும் துரை’ன்னேன். சிரிச்சிட்டாரு.

விஷயம் என்னன்னா, அந்த வருஷம் பெரிய போட்டி. பெங்களூர், மெட்ராஸ், பட்டாளம், எல்லாரும் வர்றாங்க. கிளப்பு டீமுல கிளப்பு ஆளுங்கதான் ஆடணும். அவங்களுக்கு கோல் போட ஆள் இல்ல. என்னை அவரோட அம்மா வழிச் சொந்தம்னு சொல்லிட்டாரு. ஜபல்பூர்லேர்ந்து வந்திருக்கேன், காய்ச்சல்ல தொண்டை போயிடுச்சு, அதிகம் பேச மாட்டேன்னு. பேருக்கு ஒரு நிமிஷம் யோசிச்சாரு. பக்கத்துல ராபர்ட்சன்பேட்டை இருக்கு பாருங்க, அதுல பாதியை எடுத்துக் குடுத்துட்டாரு. ராபர்ட். ராபர்ட் ஹேஸ். எங்கம்மா வெச்ச பேரு மாசிலாமணி. மாசிலா, மாசிலான்னு கூப்பிடுவாங்க.

அண்ணன்கிட்ட சொன்னேன். சாப்பிட்டுக்கிட்டு இருந்தவன் கையை எடுத்துட்டான். ‘நீ ஆடப் போறே, வேற ஒருத்தன் பேருக்குக் கை தட்டுவாங்க. அது உனக்குச் சரியா?’ன்னான். ‘புல்லு மைதானம் அண்ணா, பூட்ஸ் அண்ணா’ன்னேன். அம்மாதான் சொன்னாங்க, ‘போகட்டும்டா ஏகா. பிள்ளை சுரங்கத்துக்குள்ள எறங்காம மேல இருந்து ஆடட்டும்’னு. கடைசியில, ‘சரி போ. நல்லா ஆடு’ன்னான். நான் விடலை. மைதானத்துல என்னைப் பார்த்தா தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது, பேரைச் சொல்லிக் கூப்பிடவே கூடாதுன்னு அம்மா தலையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கிட்டேன். பண்ணினான் சார். சத்தியம் பண்ணினான். அதை ஞாபகம் வெச்சுக்குங்க.

கோல்மன் துரை வீட்டுப் பின்னால ஒரு ரூம். அங்கதான் இருந்தேன். கட்டில், மெத்தை, கண்ணாடி. முள்ளுக்கரண்டி பிடிக்கக் கத்துக்கிட்டேன். சாப்பாட்டு மேஜையில அவங்க பேசுவாங்க, சிரிப்பாங்க, நான் எல்லாரும் சிரிக்கும்போது சிரிப்பேன். ‘யெஸ்’, ‘நோ’, ‘தேங்க்யூ’, ‘ஸாரி’. அவ்வளவுதான் பேச்சு. ஒரு சீசன் பூரா சார். சில சமயம் ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு, தலகாணில மூஞ்சியை வெச்சுத் தமிழ்ல பேசிப் பார்ப்பேன். சோறு, கொழம்பு, அம்மா, அண்ணன்... ஏதாவது. வாய்க்கு ஒரு பழக்கம் விட்டுப் போகக் கூடாதில்ல. அதைக் கஷ்டம்னு சொல்ல வரலை. துரை மகனாட்டம் வெச்சுக்கிட்டாரு.

அம்மாவை ஒரு தரம் பார்த்தேன். கிளப்புக்குப் போற ரோடு. நானும் துரையும் இன்னும் ரெண்டு பேரும் நடந்து வர்றோம். எதிர்ல அம்மா, வெள்ளைக் குழந்தையைத் தள்ளு வண்டியில வெச்சுத் தள்ளிக்கிட்டு வர்றாங்க. எனக்குத் திக்குனு ஆயிடுச்சு. ஆனா அம்மா புத்திசாலி சார். எங்களைப் பார்த்ததும் வண்டியோட ரோட்டை விட்டுக் கீழ எறங்கிட்டாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஒதுங்கி நின்னாங்க, எந்த துரை வந்தாலும் நிக்கிற மாதிரி. அப்படியே நின்னாங்க. நான் பூட்ஸ் காலோட அவங்களைத் தாண்டிப் போனேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தா இன்னும் எறங்கின எடத்துலயே நிக்கிறாங்க. குழந்தை அழுவுது. அவங்க அதைக் கவனிக்கலை. வெயிலு, ஒரு மயக்கமா இருந்திருக்கும். துரை கேட்டாரு, ‘ஹவ் வாஸ் தட், ராபர்ட்?’னு. அவருக்குத் தெரியும் அது யாருன்னு. ‘குட் சார்’னேன்.

ஆட்டத்தைச் சொல்லணும். அப்படி ஆடினேன் சார் அந்த சீசன்! பந்து ஸ்டிக்குல ஒட்டிக்கிட்டு வரும். மெட்ராஸ் டீமைத் தனியாவே முடிச்சேன். பேப்பர்ல போட்டாங்க, ஜபல்பூர் ஹேஸ்னு. ஒரே ஒரு வருத்தம். மைதானத்தைச் சுத்திக் கயிறு கட்டியிருப்பாங்க. அதுக்கு அந்தப் பக்கம், சயனைட் மேடு பூரா நம்ம ஆளுங்க வந்து நிப்பாங்க. லைனே காலி பண்ணிக்கிட்டு வரும். வேற யார் கோல் போட்டாலும் கை தட்டுவாங்க, விசில் அடிப்பாங்க. நான் போட்டா மட்டும் ஒரு சத்தம் வராது. பொம்பளைங்க முந்தானையால வாயைப் பொத்திக்குவாங்க. அவ்வளவு பேரு மூச்சு விடாம நிப்பாங்க. எனக்கு வருத்தம்தான். அப்புறம் நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன், பாவம், அவங்களுக்கு என்னை அடையாளம் தெரியலை, வேற ஊரு துரைன்னு நெனச்சுக்கிட்டாங்கன்னு. பூட்ஸு, கிராப்பு, வெள்ளை அரைக்கால் சட்டை. ஆளே மாறிட்டேனே.

அண்ணனும் வருவான். வர மாட்டேன்னு ஒண்ணும் அவன் சத்தியம் பண்ணலை. ஷிஃப்ட் முடிஞ்சு, மூஞ்சியெல்லாம் மண்ணோட, கயித்துக்குப் பின்னால கையைக் கட்டிக்கிட்டு நிப்பான். நான் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டேன்.

ஃபைனல் பெங்களூர் பட்டாளத்து டீமோட. வெள்ளைக்காரப் பட்டாளம். அவங்க டீமுல ஒரு சார்ஜண்டு, ஃபுல் பேக், எருமை மாதிரி இருப்பான். என்னை ஆட்டத்துலேர்ந்து எடுத்துட்டா ஜெயிச்சிடலாம்னு அவங்களுக்குத் தெரியும். ஆரம்பத்துலேர்ந்து இடுப்புல இடிக்கிறான், காலை மிதிக்கிறான். அம்பயர் பார்க்காத நேரமாப் பார்த்து. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். ஆட்டம் முடியப் போகுது. கோல்மன் துரை வலப்பக்கத்துலேர்ந்து தட்டி விட்டாரு. நான் வாங்கிக்கிட்டு ஓடறேன். எதிர்ல கோலி மட்டும்தான். கண்ணுல கோலைத் தவிர வேற எதுவும் இல்ல.

அப்பதான் சார்.

‘டேய் மாசிலா! எடப்பக்கம்டா!’

அந்தத் தொண்டை எனக்குத் தெரியாதா? அந்தத் தொண்டைதான் மேட்டு மேல தினம் என்னை ஓட்டினது. நான் நெனைக்கவே இல்ல, உடம்பு தானா எகிறிடுச்சு. அந்த சார்ஜண்டு இடது பக்கத்துலேர்ந்து ஸ்டிக்கை ரெண்டு கையாலயும் பிடிச்சு முட்டிக்குக் கீழ வீசியிருக்கான். காலுக்கு அடியில போச்சு. காத்து பட்டது எனக்கு. எகிறி எறங்கின வேகத்துலயே அடிச்சேன். கோல்.

அன்னிக்குப் பார்த்தவங்க எல்லாரும் சொன்னாங்க, அவன் கூப்பிடலைன்னா கால் போயிருக்கும்னு. நான் பார்த்திருப்பேன் சார். ஒரு செகண்டு போயிருந்தா நானே பார்த்திருப்பேன். இல்ல கால்தான் போயிருந்தா என்ன? ராபர்ட் ஹேஸ் கால் போயிருக்கும். கோப்பையோட ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன். கிளப்பே வந்து பார்த்திருக்கும்.

கூப்பிட்டதோட விட்டானா? கயித்தைத் தாண்டிக் குதிச்சு ஓடி வர்றான். நம்ம ஆளு கயித்தைத் தாண்டினதே கிடையாது அந்த மைதானத்துல. வந்தவன் என்னைக் கட்டிப் பிடிச்சு அப்படியே தூக்கிட்டான். அவன் உடம்பு மண்ணு பூரா என் வெள்ளைச் சட்டையில. ‘என் தம்பி! எங்கம்மா பெத்த பிள்ளை!’ன்னு கத்தறான். அழுவுறான், சிரிக்கிறான். அவன் வாயைத் திறந்தானா, மேடு பூரா திறந்துக்கிச்சு. ‘மாசிலா! மாசிலா!’ன்னு. பொம்பளைங்க, கெழவங்க, எல்லாரும். அந்தச் சத்தத்தை நான் வேற எங்கயும் கேட்டதில்ல. ஒருத்தன் காட்டிக் குடுத்ததும் அத்தனை பேருக்கும் அடையாளம் தெரிஞ்சுபோச்சு பாருங்க. அதுவரைக்கும் ஒருத்தனுக்கும் தெரியாது.

அம்பயர் சட்டைக்காரர், தமிழ் தெரிஞ்சவரு. பட்டாளத்து அதிகாரிங்க அவரைச் சுத்திக்கிட்டாங்க. அவர் நேரா என்கிட்ட வந்து, அண்ணனைக் காட்டி, ‘இந்தக் கூலியை உனக்குத் தெரியுமா?’ன்னு கேட்டாரு. அண்ணன் கை இன்னும் என் தோள் மேல இருக்கு. மேடு அப்படியே அடங்கிடுச்சு. நான் கோல்மன் துரையைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துப் போச்சு. எனக்கு சோறு போட்ட மனுஷன். அவர் மானம் போக விடுவேனா? ‘நோ’ன்னேன். நல்லா, தெளிவா சொன்னேன் சார். ‘நோ சார்’னு.

அண்ணன் கையை எடுத்துட்டான். தானாவே எடுத்துட்டான், யாரும் இஸ்துப் போடலை. என் சட்டையில மண்ணு ஒட்டியிருந்துச்சு, அதை ரெண்டு தட்டு தட்டி விட்டான். அப்புறம் கயித்தைத் தாண்டி அந்தப் பக்கம் போயிட்டான்.

கோல்மன் துரையைக் கேட்டாங்க. அவரும் சொல்லிட்டாரு, என்னை யாருன்னே தெரியாது, நான் பொய் சொல்லி வீட்டுக்குள்ள வந்து அவரை ஏமாத்திட்டேன்னு. அது வேற சார். அவர் நெலமையை யோசிங்க. கிளப்பு, உத்தியோகம், பெண்டாட்டி பிள்ளை. அவருக்கு வேற வழி இருந்துச்சா? கோப்பையைப் பட்டாளத்துக்குக் குடுத்துட்டாங்க. அண்ணனை ரொம்ப நாளு வேலைக்கு எறக்கலை. அம்மாவையும் பங்களாவுலேர்ந்து நிறுத்திட்டாங்க. எல்லாம் யாரால? நீங்களே சொல்லுங்க. ஒரு வாயி. ஒரு வாயி சும்மா இருந்திருந்தா?

ஆனா கோல்மன் துரை என்னைக் கை விடலை. பின்வாசல் வழியா கூப்பிட்டு விட்டாரு. அவர் மச்சினன் இங்க லோகோ ஷெட்டுல ஃபோர்மேன். சொல்லி வெச்சுட்டாரு. எஞ்சின்ல கரி வாரிப் போடற ஃபயர்மேன் வேலை. அந்தக் காலத்துல ஃபோர்மேன் வாய்ச்சொல் போதும். ஒரே நிபந்தனை, ராபர்ட்டாவே இருக்கணும், அந்தப் பக்கம் திரும்பி வரக் கூடாது, ஸ்டிக்கைக் கையால தொடக் கூடாது. தொட்டா ஆட்டத்தை வெச்சே யாராவது கண்டுபிடிச்சிடுவாங்கன்னாரு. அவ்வளவு மதிப்பு வெச்சிருந்தாரு என் ஆட்டத்து மேல. எனக்கு அப்ப இருபத்திரெண்டு வயசு.

இங்க ரயில்வே காலனியில கடைசி குவார்ட்டர்ஸ். ஜன்னலுக்கு நேரா மைதானம். சாயங்காலம் ஆடுவாங்க. சுமாரான ஆட்டம்தான். நான் விளக்கைப் போடாம ஜன்னல்ல நின்னு பார்ப்பேன். யாராவது பந்தை விட்டுட்டா என் கை தானா அசையும். ‘நீ ஏன் ராபர்ட் ஆட வர மாட்டேங்கறே?’ன்னு கேப்பாங்க. ‘எனக்கு ஆட வராது’ன்னு சொல்லுவேன். சட்டைக்காரங்க நல்லவங்க. கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடுவாங்க. ஆனா கிட்டப் பழகினா அப்பா யாரு, அம்மா யாரு, ஜபல்பூர்ல எந்தத் தெருன்னு கேட்டுருவாங்களேன்னு ஒரு எட்டு தள்ளியே இருந்துட்டேன். கல்யாணமும் அப்படித்தான் போச்சு. அவங்கள்ல பொண்ணு எடுத்தா அவங்க கேப்பாங்க. நம்மள்ல எடுத்தா அவளே கேப்பா. இப்ப அந்தக் குடும்பங்க பூரா ஆஸ்திரேலியா போயிடுச்சு. காலனி காலி. பேசறதுக்கு இந்த பெஞ்சுதான்.

டீ சொல்லட்டுமா? வேணாமா. சரி. வண்டி காட்பாடி தாண்டிடுச்சாம், கேட்டீங்களா?

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இதை யார்கிட்டயும் சொன்னதில்ல.

இங்க வந்து நாலஞ்சு வருஷம் ஆயிருக்கும். யுத்தம் நடக்குது. ஒரு நாள் காலையில ஜன்னல்ல பார்த்தா காலனி கேட்டுல எங்கண்ணன் நிக்கிறான். நான் இங்க இருக்கேன்னு அவனுக்கு யாரு சொன்னாங்களோ. தலையெல்லாம் நரைச்சுப் போச்சு. அந்த வயசுக்கு நரைக்கக் கூடாது. இருமறான். வாட்ச்மேன்கிட்ட கேக்கறான், ‘மாசிலாமணின்னு ஒருத்தரு இங்க இருக்காருங்களா?’ன்னு. வாட்ச்மேன் அப்படி யாரும் இல்லைங்கறான். உண்மைதானே, அப்படி யாரும் இல்லையே. அண்ணன் ராபர்ட்னு கேக்கலை சார். அந்தப் பேரு அவனுக்குத் தெரியும். கேக்கலை. எதிர்ல வேப்பமரத்தடியில போய் உட்கார்ந்துக்கிட்டான். நான் ஜன்னலை ஒருக்களிச்சு வெச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கேன். சண்டைக்கு வந்திருக்கான், இல்ல இங்கயும் வந்து கட்டிப் பிடிச்சுக் கத்தப் போறான்னு எனக்கு பயம். அவன் கத்தலை. சும்மா உட்கார்ந்திருந்தான். வெயில் ஏறி எறங்குற வரைக்கும் தண்ணி கூட குடிக்கலை. ஒவ்வொரு வீட்டு வாசலா பார்த்துக்கிட்டே இருந்தான். அப்புறம் எழுந்து ஸ்டேஷன் பக்கம் போயிட்டான்.

எனக்கு அன்னிக்கு சாயங்கால ஷிஃப்ட். கேட்டைத் தாண்டும்போது வாட்ச்மேனைக் கேட்டேன். துரைங்க பேசற மாதிரி உடைச்சு உடைச்சுத்தான் பேசுவேன் அவன்கிட்ட. ‘யார் மேன் அது?’ன்னேன். ‘யாரோ தங்கவயல்காரன் சார். அவங்கம்மா செத்துட்டாங்களாம். கடைசிப் பிள்ளைதான் கொள்ளி வைக்கணும்னு தம்பியைத் தேடி வந்திருக்கான். பொணத்தைப் போட்டுட்டு வந்திருக்கான் பாவம். யாரு அந்தப் பிள்ளையோ’ன்னான். நான், ‘வெரி ஸேட்’னேன்.

எஞ்சின்ல ஏறினேன். பெங்களூர் பாசஞ்சர். அதே வண்டியிலதான் அவனும் ஏறியிருக்கான், எனக்குத் தெரியாது. நான் கரி வாரிப் போட்டுக்கிட்டே போறேன். வாரிப் போடறேன், வாரிப் போடறேன், ‘போதும்டா, பாய்லர் வெடிச்சிடப் போவுது’ன்னு டிரைவர் கையைப் பிடிச்சாரு. பங்காருபேட்டையில தண்ணி பிடிக்க நின்னோம். இன்னும் வெளிச்சம் இருக்கு. எல்லாரும் எறங்கி மாரிக்குப்பம் வண்டிக்கு அந்தப் பக்கம் ஓடறாங்க. அவன் மட்டும் பிளாட்ஃபாரத்தோட முன்னால நடந்து வர்றான். நேரா எஞ்சின் கிட்ட. நின்னான். அண்ணாந்து பார்த்தான். டிரைவர் அந்தப் பக்கம் எறங்கியிருந்தாரு. நான் மட்டும்தான்.

என் மூஞ்சி பூரா கரி சார். கண்ணு மட்டும்தான் தெரிஞ்சிருக்கும்.

‘துரை, மாரிக்குப்பம் வண்டி போயிடுச்சுங்களா?’ன்னான்.

வண்டி அங்கயே நிக்குது, அவனுக்குத் தெரியாததா? நான் கையை நீட்டிக் காட்டினேன். அவன் திரும்பிப் பார்க்கலை. என்னையே பார்த்துக்கிட்டு சொல்றான்:

‘காலையில எட்டு மணிக்கு எடுக்கிறோம் துரை. அதுவரைக்கும் வெச்சிருப்போம்.’

அப்புறமும் நின்னான். கொஞ்ச நேரம் நின்னான். பெருசா இருமல் வந்துச்சு, எஞ்சின் படியைப் பிடிச்சுக்கிட்டு இருமினான். கை, என் காலுகிட்ட இருந்துச்சு. இருமி முடிச்சதும், ‘வர்றேன் துரை’ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். மாரிக்குப்பம் வண்டி கெளம்பிச்சு. நாங்களும் கெளம்பினோம்.

யாரோ ஒரு ஃபயர்மேன்கிட்ட எதுக்கு சார் அதைச் சொல்லணும், எட்டு மணிக்கு எடுக்கிறோம்னு? துக்கத்துல மனுஷன் ஏதோ உளறுவான். நான் போகலை. எப்படிப் போறது? அவன் என்னைக் கூப்பிடலையே. அன்னிக்கு அத்தனை பேர் முன்னால, வேணாம்னு சத்தியம் வாங்கியும், அவ்வளவு சத்தமா பேரைச் சொல்லிக் கூப்பிட்டவன். இங்க யாருமே இல்ல, நானும் அவனும்தான். மெதுவா ஒரு தரம் மாசிலான்னு சொல்லியிருந்தா, கரியைப் போட்டுட்டு எறங்கி அவன் பின்னாலயே போயிருப்பேன். வேலையாவது, ராபர்ட்டாவது.

இல்ல சார். அவனுக்கு என்னை அடையாளம் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சிருந்தா கூப்பிட்டிருப்பான். அவனால கூப்பிடாம இருக்க முடியாது சார், அதானே அவன்கிட்ட இருந்த கோளாறே. தெரிஞ்சிருக்காது.